இரவு ஷிஃப்ட்

கெரிஞ்சி கிளினிக்கில் டாக்டர் ஹர்வீந்தர்
என் இடது கட்டைவிரலை உள்ளே மடக்கச் சொல்லி
மணிக்கட்டைக் கீழே சாய்த்தார்.
கத்திவிட்டேன்.
என்ன வேலை என்று கேட்டார்.
ஜன்னல் மாற்றுகிற வேலை என்றேன்.
கண்ணாடிக் கடையா என்றார்,
சிரிக்காமல்.

பதினேழாம் மாடி.
லீட்ஸ் நகரத்து மழையில் வழுக்கி
ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் கார்களுக்கு
ஃபெடரல் ஹைவே பார்த்த மேசையில் உட்கார்ந்து
நான் நம்பர் போடுகிறேன்.
படிவம் ஒரு ஜன்னல்.
உடைந்த பம்பரின் படம் ஒரு ஜன்னல்.
எக்செல், மெயில்,
பாலிசி தேடும் பழைய பச்சைத் திரை
(அதற்கு மவுஸ் என்றால் என்னவென்றே தெரியாது).
ஆல்ட்டை அழுத்திப் பிடித்து டேப்பைத் தட்ட வேண்டும்.
ஒரு கிளெய்முக்கு நாற்பது தட்டு
ஓர் இரவுக்கு முப்பது கிளெய்ம்.
நான் பெருக்கிப் பார்த்ததில்லை,
விரல் பெருக்கி வைத்திருக்கிறது.

டேப் என்ற எழுத்து எப்போதோ அழிந்துபோனது.
பக்கத்து மேசை வெய் ஷான்
தன் நெயில் பாலிஷால் அதில்
ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டாள்.
பொட்டு வைத்த சாவி
இந்த மாடியில் எனக்கு மட்டும்தான்.

கட்டைவிரலை எடுக்காதவரை
எல்லா ஜன்னலும் சின்னச் சின்னதாய்
வரிசையில் நிற்கும். எதுவும் திறக்காது.
அந்த அரை நொடி நான் எங்கேயும் இல்லை.
சம்பளத்தில் அதற்குக் காசு வருகிறதா,
தெரியவில்லை.

அந்த வரிசைக்கு ஒரு குணம் உண்டு.
கடைசியாகப் பார்த்தது முன்னால் நிற்கும்
பார்க்காதது பின்னால் போகும்
இன்னும் பின்னால்,
கோபித்துக்கொள்ளாமல்.

எம்சி இரண்டு நாள் தந்தார் டாக்டர்.
மாதக் கடைசி, எடுக்கவில்லை.
விரலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.
கை கோணலாய் நின்றது
கட்டைவிரல் நிஜமாகவே கட்டையாய் ஆல்ட்டின் மேல் விழ
சுண்டுவிரல் தானாக
ஷிஃப்டில் போய்ப் படுத்துக்கொண்டது.
பொட்டைத் தட்டினேன்.

முன்னால் போக வேண்டியது
பின்னால் போயிற்று.
ஒரே தட்டு.
வரிசையின் கடைசி ஆள்
முகத்துக்கு நேரே நிற்கிறான்.

நவீந்திரா, இனி நீ

அவ்வளவுதான். அதற்கப்புறம் கோடு மட்டும்
மின்னி மின்னி அணைகிறது.
கணினியை நான் அணைப்பதில்லை,
பூட்டிவிட்டுப் போவேன்.
நாற்பத்து நான்கு இரவாய் அது உள்ளேயே இருந்திருக்கிறது.
தம்பி லாரிக்கு ஜாமீன் போட்டவள் நான்.
ஐந்து மாதம் அவன் கட்டவில்லை.
பேங்க் எனக்குத்தான் போன் செய்தது
மலாயில், மிக மரியாதையாக.
அன்றைக்கு எழுத ஆரம்பித்தது.

இனி நீ.
என் முகத்தில் முழிக்காதே என்று எழுத வந்தேனா,
தவணையை விடு, வீட்டுக்கு வா என்று எழுத வந்தேனா?
இரண்டுக்கும் இந்த இரண்டு சொல் பொருந்துகிறது.
எழுதின கை இதுதான்.
கேட்டால் வலிக்கிறது என்கிறது.

புவான் ரொஸ்னீத்தா வரும் செருப்புச் சத்தம்.
இந்தச் சத்தத்துக்கு
என் விரல் என்னைக் கேட்காமலே தாவும்,
ஆறு வருடப் பழக்கம்.
இன்று தாவவில்லை.
பின்னால் வந்து நின்றார்.
சுருள் சுருளான எழுத்தைப் பார்த்தார்.
யாருக்கு?
ஆடெக், என்றேன்.
என் விரல் கட்டைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார்.

வெளியே கடைசி ரயில்
விளக்கு வரிசையாய்ப் போகிறது.
இந்த மாடியின் நிஜ ஜன்னல் திறக்காது,
சீல் வைத்தது.

இடது கையை மடியில் வைத்துக்கொண்டேன்.
வலது கை மட்டும்
ஒவ்வோர் எழுத்தாக.
லீட்ஸில் பம்பர் உடைந்தவர்
கொஞ்சம் நிற்கட்டும்.